மஞ்சள் விலை அட்டையும் மாக்குகளும்: வெப் கம்போனென்டுகளை யூனிட் டெஸ்ட் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏனுங் தம்பி, கிழங்கைத் தொட்டா விரலி வெலையக் காட்டுதுங்களே?"

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் போனில் இப்படிக் கேட்டபோது நான் கோவை சரவணம்பட்டியில், அலுவலகத்தில் இருந்தேன். அவருடைய இணையப் பக்கத்துக்கு விலை அட்டை ஒன்றை கஸ்டம் எலிமென்டாக (நாமே பெயர் வைத்து உருவாக்கும் ஹெச்டிஎம்எல் டேகாக) எழுதிக் கொடுத்தது நான்தான். விரலியும் கிழங்கும் ஒரே செடியில் விளைபவை. ஆனால் ஏலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு விலை. பெருந்துறை ரோட்டில் மூட்டையோடு நிற்கும் விவசாயி அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்றைக்கே விற்கலாமா, குடோனில் போட்டு வைக்கலாமா என்று யோசிக்கிறார். அந்த எண்தான் தப்பாக இருந்தது.

அட்டைக்கு டெஸ்ட் இல்லாமல் இல்லை. 18 டெஸ்ட் இருந்தன, எல்லாமே பச்சை, அதாவது தேறியவை. எல்லாமே அசல் சர்வரைக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு எண் திரையில் வந்ததா என்று மட்டும் பார்த்தவை. அலுவலக நெட்டில் பதில் உடனே வந்துவிடும். மண்டியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கடைசியில் வந்து சேர்ந்த அந்த ஒரு வினாடியை என் டெஸ்டுகளால் உண்டாக்கவே முடியாது. மாக் செய்வதன், அதாவது அசல் சர்வர் போன்றவற்றுக்குப் பதில் போலியை வைத்துச் சோதிப்பதன், பெரிய பயன் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். வேகமும் கிடைக்கும், சரி. ஆனால் பதில் எப்போது வர வேண்டும், எந்த வரிசையில் வர வேண்டும், வராமலே போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் டெஸ்ட் எழுதுகிறவர் கைக்கு வந்துவிடுகிறது. அதற்காகத்தான் நான் மாக் எழுதுகிறேன்.

கீழே சொல்வது சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கம்போனென்டுக்கும் லிட் என்ற லைப்ரரி கொண்டு எழுதியதற்கும் பொருந்தும். ஏபிஐ பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது அசல் எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: டிபென்டென்சிகளைத் தாளில் எழுதுங்கள்

எடுத்துக்காட்டுக்கு இந்த அட்டையையே வைத்துக்கொள்வோம். டேகின் பெயர் 'விலை-அட்டை'. 'ரகம்' என்று ஒரு அட்ரிபியூட். அதன் மதிப்பு விரலி அல்லது கிழங்கு. அட்டை பக்கத்தில் சேர்ந்ததும் சர்வரிடம் விலை கேட்கும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பக் கேட்கும். விலையின் தேதி இன்றைக்கு உரியதா என்று பார்த்து 'இன்றைய விலை' அல்லது 'முந்தைய விலை' என்று தலைப்புப் போடும். உள்ளே 'போக்கு-படம்' என்ற இன்னொரு கஸ்டம் எலிமென்ட், கேன்வாஸில் கோடு வரைகிறது. 'எனக்குச் சொல்' பட்டனை அழுத்தினால் வெளியே ஒரு ஈவென்ட் போகும்.

(பெயர் பற்றி ஒன்று: கஸ்டம் எலிமென்டின் பெயரில் ஹைஃபன் கட்டாயம் வேண்டும், முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தாகவே இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் தமிழ் எழுத்து வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தரும் டேக் பெயர்களையும் எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தொடங்குங்கள்.)

இந்த அட்டை தனக்கு வெளியே எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். சர்வர், கடிகாரம், டைமர், உள்ளே இருக்கும் படம். நான்குதான். இவற்றைத்தான் மாற்றப் போகிறோம். ஷேடோ டாமையும் (எலிமென்டுக்குள் மறைவாக இருக்கும் அதன் சொந்த டேக் மரம்) கஸ்டம் எலிமென்ட் ரெஜிஸ்ட்ரியையும் (எந்தப் பெயருக்கு எந்தக் கிளாஸ் என்று பிரவுசர் வைத்திருக்கும் பதிவேடு) ஈவென்டுகளையும் தொடாதீர்கள். நாம் சோதிப்பதே அவற்றின் மேல் ஓடும் நம் கோடை (நிரலை)த்தான். எண்ணுக்குக் காற்புள்ளி போடும் நம்முடைய சின்ன ஃபங்ஷனையும் மாக் செய்ய வேண்டாம். அது எப்போதும் ஒரே விடை தரும், நேரம் எடுக்காது, வெளியே எங்கும் போகாது. அப்படிப்பட்டதை மாற்றி வைத்தால் டெஸ்ட் சோதிக்கும் பரப்புதான் குறையும்.

படி 2: கன்ஸ்ட்ரக்டர் நம் கையில் இல்லை என்பதை மனதில் வையுங்கள்

மற்ற இடங்களில் ஒரு கிளாஸுக்கு டிபென்டென்சியைக் கொடுக்க எளிய வழி, கன்ஸ்ட்ரக்டருக்கு ஆர்குமென்டாக அனுப்புவது. டெஸ்டில் அசலுக்குப் பதில் போலியை அனுப்பினால் வேலை முடிந்தது. கஸ்டம் எலிமென்டில் இது நடக்காது. ஹெச்டிஎம்எல்லில் டேகைப் பார்த்ததும் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவது பிரவுசர். அது எந்த ஆர்குமென்டும் கொடுக்காது. கிரியேட்எலிமென்ட் வழியாகச் செய்தாலும் அதே கதைதான்.

அதனால் பலர் என்ன செய்கிறார்கள்? கன்ஸ்ட்ரக்டருக்கு உள்ளேயே சேவை ஆப்ஜெக்டை உருவாக்கி விடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அந்த நிமிடமே போலியை உள்ளே விடும் கதவு அடைபட்டுப் போகிறது. கதவை நாமேதான் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று கதவுகள் நடைமுறையில் ஒத்துவருகின்றன.

படி 3: கதவைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கதவு, ப்ராப்பர்ட்டி. அட்டைக்கு 'சேவை' என்று ஒரு ப்ராப்பர்ட்டி வையுங்கள். யாரும் எதுவும் கொடுக்காவிட்டால் அசல் சேவையை எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சேவையில் 'விலைஎடு' என்ற ஒரே ஃபங்ஷன். ரகத்தைக் கொடுத்தால் ஒரு ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் பதிலுக்கான ஆப்ஜெக்ட்) தரும். சர்வரைக் கூப்பிடும் பிரவுசர் ஃபங்ஷனான ஃபெட்ச் என்ற பெயரே அட்டைக்குத் தெரிய வேண்டியதில்லை. சின்ன, நடுத்தரத் திட்டங்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

இதில் வரிசை முக்கியம். கிரியேட்எலிமென்டால் அட்டையை உண்டாக்குங்கள், சேவை ப்ராப்பர்ட்டியில் போலியை வையுங்கள், அதன் பிறகு ரகம் அட்ரிபியூட், கடைசியாக பக்கத்தில் சேருங்கள். இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகப் போட்டால் பக்கத்தில் சேர்ந்த கையோடு கனெக்டட்கால்பேக் ஓடிவிடும். போலியை வைக்கும் முன்பே அட்டை அசல் சர்வரை நோக்கிக் கிளம்பியிருக்கும். லிட் டெம்ப்ளேட்டில் புள்ளி போட்டு ப்ராப்பர்ட்டி கொடுத்தால் பிரச்சினை இல்லை, அது மதிப்பை வைத்த பிறகுதான் பக்கத்தில் சேர்க்கிறது.

இந்த வரிசையே ஒரு பிழையையும் காட்டிக்கொடுத்தது. ஏற்கெனவே டிஃபைன் ஆன (பெயரும் கிளாஸும் பிரவுசரில் பதிவான) எலிமென்டில், பக்கத்தில் சேரும் முன்பே அட்ரிபியூட்டை வைத்தால் அட்ரிபியூட்சேஞ்ச்ட்கால்பேக் அப்போதே ஓடும். அதிலும் விலை கேட்டு, கனெக்டட்கால்பேக்கிலும் விலை கேட்டிருந்தேன். போலியின் 'விலைஎடு' எத்தனை முறை கூப்பிடப்பட்டது என்று எண்ணிப் பார்த்தபோது 2 என்று வந்தது. ஒவ்வொரு பக்கத் திறப்புக்கும் சர்வருக்கு இரட்டை வேலை. அட்டை பக்கத்தில் இருக்கிறதா என்று இஸ்கனெக்டட் கொண்டு பார்த்து, இல்லையென்றால் கேட்காமல் திரும்பு என்று ஒரு வரி சேர்த்ததும் 1 ஆனது.

இரண்டாவது கதவு, மாட்யூல். அட்டையின் கோப்பு சேவையை இம்போர்ட் செய்கிறது. டெஸ்டில் அந்த மாட்யூலையே மாற்றி விடுகிறோம். பழைய கோடில் கை வைக்க முடியாதபோது இது உதவும். ஆனால் இங்கே தடுக்கி விழாதவர்கள் குறைவு. ஈஎஸ் மாட்யூலின் எக்ஸ்போர்ட்டை வெளியிலிருந்து மாற்றி எழுத முடியாது, மொழியே அதைத் தடுக்கிறது. அதனால் அசல் பிரவுசரில் ஓடும் டெஸ்டில், போலி செய்யும் லைப்ரரியான சைனானைக் கொண்டு எக்ஸ்போர்ட்டை ஸ்டப் செய்யப் போனால் பிழைதான் வரும். டெஸ்ட் ஓட்டும் கருவிகளில், வைடெஸ்டில் விஐ டாட் மாக், ஜெஸ்டில் ஜெஸ்ட் டாட் மாக் இருக்கின்றன. இரண்டும் கோப்பின் தலைக்குத் தூக்கப்பட்டு இம்போர்ட்டுகளுக்கு முன்னால் ஓடும். நீங்கள் மேலே அறிவித்த வேரியபிளை அதற்குள் பயன்படுத்தினால் "இன்னும் உருவாகவில்லை" என்று பிழை வருவது இதனால்தான். வைடெஸ்டில் அந்த வேரியபிளை விஐ டாட் ஹாய்ஸ்டட் உள்ளே உருவாக்கினால் சரியாகிவிடும். அசல் பிரவுசரில் டெஸ்ட் ஓட்டும் வெப் டெஸ்ட் ரன்னர் பயன்படுத்துகிறவர்கள் இம்போர்ட் மேப் வைத்து, அசல் கோப்பின் முகவரியைப் போலிக் கோப்புக்குத் திருப்பலாம்.

மூன்றாவது கதவு, ஈவென்ட். அட்டை தனக்குச் சேவை வேண்டும் என்று ஒரு ஈவென்டை மேல்நோக்கி அனுப்பும்; மேலே இருக்கும் யாராவது சேவையைக் கையில் கொடுப்பார்கள். பல அடுக்கு கம்போனென்டுகள் உள்ள பெரிய திட்டத்துக்கு இது அழகு. டெஸ்டில் அட்டையைச் சுற்றி ஒரு டிவ் வைத்து, அந்த ஈவென்டைக் கேட்டு, போலியைக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு அட்டைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

படி 4: போலியை எழுதுங்கள்

ப்ராப்பர்ட்டி கதவு இருந்தால் போலி நான்கு வரிதான். 'விலைஎடு' உள்ள ஒரு சாதாரண ஆப்ஜெக்ட். விஐ டாட் எஃப்என் அல்லது சைனானின் ஸ்டப் கொண்டு, விரலி என்று கேட்டால் 13,250, கிழங்கு என்று கேட்டால் 11,900 என்று தரச் சொல்லுங்கள். எதைக் கேட்டாலும் ஒரே எண்ணைத் தரும் போலி ஆபத்தானது. அட்டை ரகத்தை அனுப்பவே மறந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

இந்தப் போலிகளுக்குள் ஸ்டப், ஸ்பை, ஃபேக், மாக் என்று பிரிவுகள் உண்டு. பதிலை மட்டும் தருவது ஸ்டப். யார், எப்படி, எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று குறித்து வைப்பது ஸ்பை. அசல் போலவே ஆனால் எளிமையாக வேலை செய்வது ஃபேக். இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முன்கூட்டியே வைத்திருப்பது மாக். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் மாக் என்றே சொல்கிறோம், பரவாயில்லை. என் டெஸ்டுகளில் பெரும்பாலானவை ஸ்டப்தான்.

இப்போது சேவைக்கே தனியாக டெஸ்ட் எழுத வேண்டுமே. அங்கேதான் ஃபெட்சை மாற்ற வேண்டும். இரண்டு விஷயங்களில் நான் நேரம் இழந்திருக்கிறேன்.

ஒன்று, ஜேசன் என்ற ஃபங்ஷன் மட்டும் உள்ள அரைகுறை ஆப்ஜெக்டைப் பதிலாகத் தராதீர்கள். பிரவுசரிலும் இன்றைய நோட் ஜேஎஸ்ஸிலும் ரெஸ்பான்ஸ் என்ற அசல் கிளாஸே இருக்கிறது. அதைக் கொண்டு பதில் செய்யுங்கள். அப்போது ஓகே, ஸ்டேட்டஸ், ஹெடர் எல்லாம் அசல் போலவே நடக்கும். ஆனால் ரெஸ்பான்ஸின் உடலை ஒரு முறைதான் படிக்க முடியும். ஒரே ரெஸ்பான்ஸை உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு அழைப்புக்கும் அதையே தந்தால் முதல் முறை விலை வரும், 5 நிமிடப் புதுப்பிப்பில் உடல் ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது என்று பிழை வரும். கோடில் தவறே இருக்காது. நான் அரை நாள் கோடையே துழாவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் புது ரெஸ்பான்ஸ் செய்து தரும் ஃபங்ஷனை ஸ்டப்பில் வையுங்கள்.

இரண்டாவது, தோல்வி ஒரே மாதிரி வருவதில்லை. சர்வர் 500 தந்தால் ஃபெட்சின் ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆகாது. ஓகே மட்டும் பொய்யாக இருக்கும். நெட்டே இல்லையென்றால்தான் டைப்எரர் வைத்து ரிஜெக்ட் ஆகும். மூன்றாவது ஒன்றும் உண்டு: ஸ்டேட்டஸ் 200, ஆனால் உள்ளே ஜேசனுக்குப் பதில் ஹெச்டிஎம்எல் பக்கம். பொது வைஃபையில் லாகின் பக்கம் குறுக்கே வரும்போது இப்படி நடக்கும். மூன்றுக்கும் தனித்தனி டெஸ்ட் எழுதுங்கள். மூன்றிலும் சேவை ஒரே மாதிரியான பிழையை அட்டைக்குத் தரட்டும். அட்டையின் டெஸ்டில் 'விலைஎடு' ரிஜெக்ட் ஆகும் ஒரு போலி இருந்தால் போதும்.

படி 5: பதில்களின் வரிசையைக் கையில் எடுங்கள்

மண்டிக்காரர் சொன்ன பிழையைப் பிடித்த டெஸ்ட் இதுதான். இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

போலி உடனே பதில் தரக் கூடாது. நாம் விடும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு ப்ராமிஸ் டாட் வித்ரிசால்வர்ஸ் வசதியானது. ஒரு ப்ராமிஸையும் அதை முடித்து வைக்கும் ஃபங்ஷனையும் சேர்த்தே தரும். இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விரலிக்கு, ஒன்றை கிழங்குக்கு. போலியின் 'விலைஎடு' ரகத்தைப் பார்த்து உரிய ப்ராமிஸைத் தரட்டும்.

அட்டையை விரலியோடு பக்கத்தில் சேருங்கள். முதல் கேள்வி போய்விட்டது, பதில் நம் கையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரகத்தைக் கிழங்கு என்று மாற்றுங்கள். இரண்டாவது கேள்வியும் போனது. இப்போது கிழங்கின் பதிலை முதலில் விடுங்கள்: 11,900. திரையில் 11,900 வந்ததா என்று பாருங்கள். அப்புறம் தாமதமாக வந்த விரலியின் பதிலை விடுங்கள்: 13,250. திரையில் இன்னும் 11,900தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ப்ராமிஸை முடித்து வைத்த அடுத்த வரியிலேயே திரையைப் பார்த்தால், பிழை உள்ள கோடிலும் டெஸ்ட் பச்சையாகும். அவெய்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்டையின் கோட் இன்னும் ஓடவே ஆரம்பித்திருக்காது, தப்பான எண் திரைக்கு வருவதற்கு முன்பே நாம் பார்த்துவிட்டு "மாறவில்லை" என்று திருப்தி அடைந்திருப்போம். ஒன்று மாறியதா என்று சோதிக்கும்போது காத்திருக்கும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன, மாறும் வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். மாறவில்லை என்று சோதிக்கும்போது அவை உதவாது. மைக்ரோடாஸ்க் வரிசை (ப்ராமிஸுக்குப் பின்னால் ஓடக் காத்திருக்கும் வேலைகள்) முழுக்கக் காலியாகும்படி, பூஜ்ஜிய மில்லிசெகண்ட் செட்டைம்அவுட் ஒன்றுக்குக் காத்திருந்துவிட்டுப் பாருங்கள். லிட் என்றால் அதன் பிறகு அப்டேட்கம்ப்ளீட்டுக்கும் காத்திருங்கள்.

திருத்தம் சின்னது. ஒவ்வொரு கேள்விக்கும் அட்டை ஒரு வரிசை எண் கொடுக்கட்டும். பதில் வரும்போது கையில் இருக்கும் எண் கடைசி எண்ணாக இல்லாவிட்டால் அந்தப் பதிலைக் கீழே போடட்டும். அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு பழைய கேள்வியை ரத்து செய்வது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் போலியும் அந்த சிக்னலை மதிக்கும்படி எழுத வேண்டும், அதனால் நான் வரிசை எண்ணையே வைத்துக்கொண்டேன்.

படி 6: கடிகாரத்தையும் டைமரையும் நிறுத்துங்கள்

5 நிமிடம் காத்திருந்து டெஸ்ட் செய்ய யாராலும் முடியாது. விஐ டாட் யூஸ்ஃபேக்டைமர்ஸ் அல்லது சைனானின் ஃபேக் டைமரைப் போட்டு நேரத்தை 5 நிமிடம் தள்ளுங்கள். 'விலைஎடு' 2 முறை கூப்பிடப்பட்டிருக்க வேண்டும். ப்ராமிஸும் டைமரும் கலந்த கோடில், நேரத்தைத் தள்ளும் ஃபங்ஷனின் அசிங்க் வடிவத்தையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டைமர் ஓடும், அதன் பின்னால் நிற்கும் ப்ராமிஸ் ஓடாது. படி 5-இல் சொன்ன பூஜ்ஜிய மில்லிசெகண்ட் தந்திரமும் ஃபேக் டைமர் இருக்கும்போது தானாக நகராது, டெஸ்ட் அப்படியே தொங்கிவிடும். இரண்டையும் ஒரே டெஸ்டில் கலக்காதீர்கள்.

அட்டையைப் பக்கத்திலிருந்து எடுத்த பிறகும் ஒரு டெஸ்ட் வேண்டும். எடுங்கள், நேரத்தை 20 நிமிடம் தள்ளுங்கள், எண்ணிக்கை ஏறக் கூடாது. டிஸ்கனெக்டட்கால்பேக்கில் கிளியர்இன்டர்வல் எழுத மறந்தவர்களை இது உடனே பிடித்துக் கொடுக்கும்.

தேதி பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊருக்கே உரிய பிழை. 'இன்று' எது என்று கண்டுபிடிக்க நான் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் எடுத்து முதல் 10 எழுத்தை வெட்டியிருந்தேன். அது தருவது யுடிசி (உலகப் பொது நேரம்) தேதி. நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஆக, நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை அட்டைக்கு இன்னும் நேற்றுதான். பகலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து கோட் எழுதுகிற நமக்கு இது கண்ணில் படாது. கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து விடியற்காலையில் வண்டி ஏற்றுகிறவர் 4:45-க்குப் போனைத் திறந்தால், நேற்றைய விலைக்கு மேலே 'இன்றைய விலை' என்று தலைப்பு இருக்கும்.

இதைப் பிடிக்க ஃபேக் டைமரின் செட்சிஸ்டம்டைமில் 2025 பிப்ரவரி 11, யுடிசி 23:15 என்று வைத்தேன். நமக்கு அது 12-ஆம் தேதி காலை 4:45. போலி தரும் விலையின் தேதி 11. தலைப்பு 'முந்தைய விலை' என்று வர வேண்டும். சிவப்பு வந்தது. இன்டல் டேட்டைம்ஃபார்மேட்டில் டைம்சோனை ஏசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுத்த பிறகு பச்சை. டைம்சோனைக் கொடுக்காமல் விட்டிருந்தால் என் லேப்டாப்பில் பச்சையும், யுடிசியில் ஓடும் சிஐ சர்வரில் (கோடைச் சேர்க்கும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்) சிவப்புமாக வந்திருக்கும். டெஸ்டுகளை டிஇசட் என்விரான்மென்ட் வேரியபிள் மாற்றி இரண்டு டைம்சோனிலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

படி 7: உள்ளே இருக்கும் எலிமென்ட்

'போக்கு-படம்' கேன்வாஸில் வரைகிறது. பிரவுசர் இல்லாமல் டெஸ்ட் ஓட்ட உதவும் போலி பிரவுசரான ஜேஎஸ்டாமில் 2020 முதல் கஸ்டம் எலிமென்ட் வேலை செய்கிறது, ஆனால் கேன்வாஸில் வரைய முடியாது. தனி பேக்கேஜ் போடாவிட்டால் கெட்கான்டெக்ஸ்ட் "இம்ப்ளிமென்ட் ஆகவில்லை" என்று கத்தும். அட்டையின் டெஸ்டுக்கு அந்தக் கோடு தேவையே இல்லை. அட்டை சரியான எண்களைப் படத்துக்குக் கொடுத்ததா என்பதுதான் கேள்வி.

இங்கே பிரவுசரே நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. டிஃபைன் செய்யப்படாத, ஹைஃபன் உள்ள டேக் வெறும் ஹெச்டிஎம்எல்எலிமென்டாக நிற்கும். பிழை வராது. அட்டை அதில் 'புள்ளிகள்' என்று ப்ராப்பர்ட்டி வைத்தால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். டெஸ்டில் ஷேடோரூட்டுக்குள் போய் அந்த டேகை எடுத்து, புள்ளிகளைப் படித்துப் பார்த்தால் போதும். மாக் எழுதவே தேவையில்லை.

ஆனால் அட்டையின் கோப்பே படத்தின் கோப்பை இம்போர்ட் செய்தால், இம்போர்ட் ஆனவுடன் டிஃபைனும் ஓடிவிடும். அப்போது படி 3-இல் பார்த்த மாட்யூல் கதவு வழியாக அந்தக் கோப்பை வெறுமையாக மாற்றுங்கள். படம் திருப்பி அனுப்பும் ஈவென்டும் வேண்டும் என்றால், அதே பெயரில் நான்கு வரிப் போலிக் கிளாஸை டிஃபைன் செய்யுங்கள். ஒரு பெயரை ஒரு முறைதான் டிஃபைன் செய்ய முடியும், அழிக்கவும் முடியாது. இரண்டாவது முறை செய்தால் நாட்சப்போர்டட்எரர். அதனால் போலிப் படம் வேண்டிய டெஸ்டுகளை ஒரு கோப்பிலும், அசல் படம் வேண்டியவற்றை இன்னொரு கோப்பிலும் வையுங்கள். வைடெஸ்டும் வெப் டெஸ்ட் ரன்னரும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகவே ஓட்டுகின்றன, ஒன்றின் ரெஜிஸ்ட்ரி இன்னொன்றைத் தொடாது.

ஷேடோ டாமை க்ளோஸ்ட் என்று வைத்திருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் ஷேடோரூட் 'நல்' (null), அதாவது ஒன்றும் இல்லைதான். தக்க காரணம் இல்லையென்றால் ஓபன் என்றே வையுங்கள்.

'எனக்குச் சொல்' ஈவென்டைக் கேட்கும் ஸ்பையை அட்டையிலேயே வைக்காமல், சுற்றியிருக்கும் டிவ்வில் வையுங்கள். அப்போதுதான் பபிள்ஸ் மறந்து போனது தெரியும். பட்டனிலிருந்தே ஈவென்ட் கிளம்புகிறது என்றால் கம்போஸ்டும் வேண்டும். இல்லாவிட்டால் அது ஷேடோ எல்லையைத் தாண்டாது.

படி 8: ஒவ்வொரு டெஸ்டுக்கும் பின்னால்

எலிமென்டைப் பக்கத்திலிருந்து எடுங்கள், மாற்றிய ஃபெட்சைத் திருப்பி வையுங்கள், டைமர்களை அசலுக்குக் கொண்டுவாருங்கள். ஆஃப்டர்ஈச்சில் மூன்று வரி. ஒரு டெஸ்ட் தனியாக ஓடினால் பச்சை, கூட்டத்தோடு ஓடினால் சிவப்பு என்றால் முதலில் இந்த மூன்று வரியைத்தான் பார்க்க வேண்டும்.

படி 9: போலி அசலைப் போல இருக்கிறதா?

மஞ்சள் ஏலத்தில் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, சாம்பிளைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். சாம்பிளில் இருந்த நிறமும் காய்வும் மூட்டையில் இல்லையென்றால் வியாபாரம் தகராறில் முடியும். போலியும் அப்படித்தான். நம் போலி விலையை எண்ணாகத் தருகிறது. அசல் சர்வர் ஒரு நாள் அதை காற்புள்ளி போட்ட எழுத்துச் சரமாகத் தர ஆரம்பித்தால், நம் டெஸ்ட் அத்தனையும் பச்சை, திரையில் மட்டும் 'நேன்' (NaN, எண் அல்ல) என்று நிற்கும்.

இதற்கு நான் செய்வது: அசல் சர்வரின் பதில் ஒன்றை அப்படியே கோப்பாகச் சேமித்து, போலி அந்தக் கோப்பிலிருந்தே பதிலை எடுத்துத் தரும்படி வைக்கிறேன். கையால் அடித்த பதில் வேண்டாம். பிறகு, யூனிட் டெஸ்டுகளோடு சேராத தனி டெஸ்ட் ஒன்று தினமும் ஒரு முறை அசல் சர்வரைக் கூப்பிடும். விலை எவ்வளவு என்று அது பார்க்காது. என்னென்ன புலங்கள் இருக்கின்றன, எண் எண்ணாக இருக்கிறதா, தேதி தேதியாக இருக்கிறதா என்று மட்டும் சேமித்த கோப்போடு ஒப்பிடும். ஏலம் இல்லாத நாளில் விலைப் புலம் காலியாக வரும் என்பதையே நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கும் ஒரு சாம்பிள் கோப்பு வைத்து, 'இன்று ஏலம் இல்லை' என்று அட்டை சொல்கிறதா என ஒரு டெஸ்ட் சேர்த்தேன்.

ஸ்பையை வைத்து எத்தனை முறை, எந்த வரிசையில், எந்த ஆர்குமென்டோடு என்று எல்லாவற்றையும் கட்டிப் போட வேண்டாம். திரையில் என்ன தெரிகிறது, வெளியே என்ன ஈவென்ட் போகிறது என்று பார்க்கும் டெஸ்ட், உள்ளே கோடை மாற்றி எழுதினாலும் உடையாது. கூப்பிட்ட எண்ணிக்கை சர்வருக்குச் சுமை ஆகும் இடத்தில் மட்டும் எண்ணுங்கள்.

படி 10: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

டெஸ்ட் பச்சையானதும் எழுந்து போகாதீர்கள். வரிசை எண்ணை ஒப்பிடும் அந்த ஒரு வரியை கமென்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். படி 5-இன் டெஸ்ட் சிவப்பாக வேண்டும், வந்த செய்தியில் எதிர்பார்த்தது 11,900, கிடைத்தது 13,250 என்று இருக்க வேண்டும். பச்சையாகவே இருந்தால் பூஜ்ஜிய மில்லிசெகண்ட் காத்திருப்பை எங்கேயோ விட்டுவிட்டீர்கள். கிளியர்இன்டர்வல் வரிக்கும், டைம்சோன் வரிக்கும் (இதை மட்டும் டிஇசட்டை யுடிசி ஆக்கி ஓட்டுங்கள்), இஸ்கனெக்டட் வரிக்கும் இதையே செய்யுங்கள். நான்கு வரி, நான்கு சிவப்பு. பிறகு ஒவ்வொரு கமென்டையும் எடுத்துவிட்டு கமிட் செய்யுங்கள்.